திருப்பாத படம்

ராணியின் கீழுதட்டுக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது. அது அங்கே இருக்கக் கூடாது.

முகக்காரி ஈரத் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே கிட்டப் போய்ப் பார்த்தாள். எண்ணெய் வாடை விடாத பெரிய கேன்வாஸ். கணவன் அப்போதுதான் அதைத் தூக்கித் திருப்பி, நேராக ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தான். குளியல் தொட்டியில் வலைக்குள் சிக்கிச் சாயும் அரசன், அவன்மேல் குனிந்து நிற்கும் மனைவி, திரைக்குப் பின்னால் பாதி முகம் மட்டும் தெரிய ஒளிந்திருக்கும் அவளுடைய கள்ளக்காதலன். கிரேக்கர்களின் பழங்கதை. பெற்ற மகளைப் பலி கொடுத்துவிட்டுப் போருக்குப் போன புருஷனை, அவன் வெற்றியோடு திரும்பி வந்த அன்றே தீர்த்துக்கட்டுகிறாள் ராணி. தூசியாக இருக்கும் என்று நினைத்து மச்சத்தை நகத்தால் தொட்டாள். நகத்தில் பழுப்பு ஒட்டிக்கொண்டது. தூசி இல்லை, சாயம்தான். அவளே வைத்த சாயம்.

வீட்டோடு சேர்ந்த அந்தப் பட்டறையில் முகங்களைத் தலைகீழாகத்தான் வரைவார்கள். மூலப் படத்தின் அச்சுப் பிரதியைத் தலைகீழாகப் பலகையில் குத்திவைத்து, அதன்மேல் சின்னச் சதுரம் வெட்டிய அட்டையைப் போட்டு மூடி, கேன்வாஸையும் தலைகீழாக நிறுத்தி, சதுரம் சதுரமாக நகர்த்தி வரைய வேண்டும். நேராகப் பார்த்தால் மூளை முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொள்ளும். இது கண் என்று தெரிந்த மறுநொடி, தனக்குப் பழகிய ஒரு கண்ணைப் போட்டுத் தொலைக்கும். தலைகீழாக வைத்துவிட்டால் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. வெளிச்சம் எவ்வளவு, நிழல் எவ்வளவு என்பதுதான். அப்படி வரைந்தால் அசலும் நகலும் அச்சாக ஒன்றுபோல வரும். வரைந்தவள் படத்தைத் திருப்பக் கூடாது என்பது இன்னொரு விதி. வரைந்த கண் சலித்த கண், குற்றம் தெரியாது. ஆகவே வேறொருவர் திருப்பி வைத்துவிட்டுக் கூப்பிட வேண்டும். இவள் வீட்டில் அது கணவனின் வேலை. பின்னணியும் சுவரும் வானமும் அவன் வரைவான், உடைகளும் திரைகளும் துணிக்காரி, முகமும் கையும் முகக்காரியான இவள். இந்த மூன்று பேரின் கையும் ஒரே கைபோல இருக்கும் என்று ஊரெல்லாம் நல்ல பேர்.

அந்த மச்சம் துணிக்காரியின் மச்சம்.

மச்சம் தெரிந்த பிறகு மற்றதெல்லாம் தானாகத் தெரிந்தது. மேடேறிய கன்னம், கொஞ்சம் தூக்கலான மேலுதடு, தலையைச் சாய்த்துக் கேட்கும்போது இடப்பக்கம் வரும் கழுத்து நரம்பு. இவள் மெல்லப் பார்வையைத் திரைப்பக்கம் நகர்த்தினாள். ஒளிந்திருக்கும் அந்தப் பாதி முகத்தின் புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. அப்படியொரு புருவத்தைத்தான் கல்யாணமான நாளிலிருந்து தினமும் பக்கத்துத் தலையணையில் பார்த்துவருகிறாள்.

பலகையில் இருந்த அச்சுப் பிரதியை உருவி நேராகப் பிடித்தாள். அதில் மச்சமும் இல்லை, வெட்டுப் புருவமும் இல்லை. யாரோ ஒரு ராணி, யாரோ ஒருவன்.

"தினமும் பாக்குற முகம்தானே, கைக்கு வந்திருக்கும்" என்றான் கணவன்.

சொன்னது சரியான பேச்சுதான். ஆனால் அவன் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவன் அவன். இந்தப் படங்களைக் கேட்டு வந்தவர் ஒரு விவாகரத்து வக்கீல். பழிவாங்கும் படங்களாகத் தன் அலுவலகத்தில் மாட்டப்போகிறாராம். "இதைப் பாத்துட்டு எல்லாரும் பயந்து ராசியாயிட்டா அவர் பொழப்பு என்னாவறது" என்று ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன். இப்போது தன் மூஞ்சியையே கள்ளக்காதலனாகப் பார்த்துவிட்டு, காது மடல் சிவக்க, போர்வைத் துணியை எடுத்து அவசரமாகப் படத்தின்மேல் போட்டான்.

துணிக்காரி அவனை அண்ணா என்று கூப்பிடுவதை எப்போது நிறுத்தினாள்? அன்று முழுக்க முகக்காரி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு வந்த புதிதில் அண்ணா, அண்ணா என்று வாய் ஓயாது. அப்புறம் ஒருநாள் அது காணாமல் போயிற்று. வேறு பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. பேச வேண்டியிருந்தால் பக்கத்தில் போய் நின்று பேசினாள். அது காதில் விழாமலா இருந்தது? விழுந்தது. இவள்தான் மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை. ஏற்றிக்கொள்ளாததையெல்லாம் கை எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

மாலையில் அவன் குனிந்து செருப்பைக் கழற்றும்போது பின்கழுத்தில், முடி முடியும் இடத்தில், கருஞ்சிவப்பாக ஒரு விரல் தடம் தெரிந்தது. உடைகளின் மடிப்புக்கு மட்டும் போடுகிற சிவப்பு அது. சுவரும் வானமும் வரைகிறவனுக்கு அதில் வேலையில்லை. அவள் கத்தவில்லை. இரண்டு கண்ணாடிகளைக் கொண்டுவந்து முன்னும் பின்னும் பிடித்து அவனுக்குக் காட்டினாள். முழுப் பூசணிக்காயை இனி எங்கே மறைப்பது? கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். நாளைக்குப் படத்தைக் கொடுக்கப் போகிற வழியில் துணிக்காரியைப் பார்த்து உறவை முடித்துவிடுவதாக, குழந்தைமேல் சத்தியமாகச் சொன்னான். குழந்தைமேல் சத்தியம் செய்யாதே என்றாள். அது ஒன்றுதான் அவள் சொன்னது.

புருஷன் செய்தது வலித்தது. ஆனால் துணிக்காரி செய்தது உயிர்வரைக்கும் எரிந்தது. போக்கிடம் இல்லாமல் வந்தவளுக்குத் துணி மடிப்பில் ஒளி எங்கே விழும், நிழல் எங்கே ஒதுங்கும் என்று கூட உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவள் இவள். ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். பிரசவ அறையிலிருந்து வந்த குழந்தையை முதலில் கையில் வாங்கியது துணிக்காரிதான். இந்த ஐந்து வயதிலும் குழந்தைக்குச் சித்தி என்றால் உயிர். கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்கள். பறித்த குழிக்குள் பாய் விரித்துப் படுத்துக்கொண்டிருந்திருக்கிறோமே என்று அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை கணவன் ராணி படத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். மச்சத்தையும் புருவத்தையும் அவனே நேராக வைத்து அழித்துத் திருத்தியிருந்தான். அவன் போன பிறகுதான் வீட்டில் இன்னொரு படம் இருப்பது அவள் நினைவுக்கு வந்தது.

வக்கீல் கேட்டிருந்தது இரண்டு படங்கள். இரண்டாவது ஜன்னல் ஓரம், துணி போர்த்தியபடி, தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. முகங்களை அவள் போன வாரமே முடித்துவிட்டாள்; காயட்டும் என்று இன்னும் திருப்பவில்லை. அதுவும் கிரேக்கர்களின் கதைதான். தன்னை நம்பி வந்தவளை ஒருவன் உதறிவிடுகிறான். அவனைக் கொன்றால் வலி ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று அவன் குழந்தையைக் கொல்கிறாள் அவள். குகை வாசலில் ஒரு கையால் குழந்தையை இறுக்கிக்கொண்டு, மறு கையில் குறுங்கத்தியோடு, யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்க்கும் தாய்.

முதல் படத்தில் கை சொன்னது பொய்யாகவில்லை. இதில் மட்டும் பொய் சொல்லுமா? பிள்ளையைக் கொல்லும் தாய். இந்த வீட்டில் தாய் என்று இருப்பவள் ஒருத்திதான்.

போர்வையைத் தொடப்போன கையை இழுத்துக்கொண்டாள்.

வெளியே மப்பு போட்டு மழைக்குக் காத்திருந்தது. பட்டறையின் பெரிய ஜன்னல்களில் எப்போதும் வரும் வெள்ளை வெளிச்சம் அன்று சாம்பலாக வந்தது. டர்பன்டைன் நெடி, ஆளிவிதை எண்ணெயின் கனத்த வாடை, ஊறப்போட்ட பிரஷ்களின் ஈர மர வாடை எல்லாம் காற்றில்லாத அறையில் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தன. மேஜைக்கு அடியில் குழந்தை தீர்ந்துபோன சாயக் குழாய்களை வரிசையாகப் படுக்கவைத்துத் தூங்கு தூங்கு என்று தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். படத்தின் போர்வைத் துணியின் கீழ் ஓரம் லேசாக உப்பி, அடங்கி, மறுபடி உப்பியது. ஜன்னல் திறந்திருக்கிறதா என்று முகக்காரி போய்ப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது.

படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதுகு கூசியது. அதைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அது இன்னும் மோசம்.

குழந்தை பசிக்கிறது என்றாள். முகக்காரி ஒரு ஆப்பிளை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். நறுக்கிக்கொண்டே முந்தின ராத்திரி முழுக்க நினைத்ததையே நினைத்தாள்: அந்தக் கழுத்து, கழுத்தில் அந்தச் சிவப்பு, அவன் செய்த சத்தியம். அவனுக்கு வலிக்க வேண்டும். எனக்கு வலிப்பதில் பாதியாவது வலிக்க வேண்டும். எதை எடுத்தால் அவனுக்கு வலிக்கும்?

"அம்மா, ஏன் கத்தியை அப்படிப் பிடிச்சிருக்கே?"

குனிந்து பார்த்தாள். ஆப்பிள் தட்டில் துண்டு துண்டாகக் கிடந்தது. கத்தி அவள் கையில், நுனி கீழ்நோக்க, கட்டைவிரல் பிடியின் தலையில் பதிய, முஷ்டிக்குள் இருந்தது. ஆப்பிள் நறுக்குகிற யாரும் அப்படிப் பிடிப்பதில்லை. அந்தப் பிடியை அவளுக்குத் தெரியும். சதுரம் சதுரமாக, தலைகீழாக, மூன்று நாள் உட்கார்ந்து அந்தக் கையை வரைந்தவள் அவள்.

கத்தியைக் கழுவுதொட்டிக்குள் எறிந்தாள். அது தகரத்தில் மோதி எழுப்பிய ஓசை அடங்க நேரமாயிற்று. குழந்தை மிரண்டுபோய்ப் பார்த்தாள். ஒன்றுமில்லை கண்ணு, ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே பழந்துணி ஒன்றை எடுத்து வலது கையை மணிக்கட்டிலிருந்து விரல்நுனிவரை சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். துணிக்குள் விரல்கள் அசைந்தன. அவள்தான் அசைத்தாளா என்று அவளுக்குத் தெரியவில்லை.

படத்தைச் சுரண்டிவிட வேண்டும். முகம் இல்லாவிட்டால் கதையும் இல்லை. ஆனால் சுரண்டுவதற்குப் பேலட் கத்தியைக் கையில் எடுக்க வேண்டும். குழந்தை வீட்டில் இருக்கும்போது அந்தக் கையில் இனி ஒரு கத்தியை எப்படிக் கொடுப்பது? முதலில் குழந்தை இங்கிருந்து போக வேண்டும். யாரோடாவது. எங்காவது. கணவனைக் கூப்பிட்டாள், போன் அணைந்திருந்தது. எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. கீழே கடைக்காரர் மழைக்குப் பயந்து கதவை இறக்கிவிட்டுப் போயிருந்தார்.

படியில் காலடி கேட்டது.

துணிக்காரி வாசலில் நின்றாள். முகம் வீங்கி, கண் இரண்டும் சிவந்து, நன்றாக அழுது முடித்த முகம். உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை, வராமலும் இல்லை. நேராகத் தன் மேஜைக்குப் போய், தன் பிரஷ்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். செய்த காரியத்துக்கு வெட்கப்பட்டு, சொல்லிக்கொள்ளாமல் விலகிப் போக வந்திருக்கிறாள் என்று முகக்காரி நினைத்தாள். அறைய வேண்டும்போல இருந்தது. கட்டியிருந்த கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

சித்தி என்று குழந்தை மேஜைக்கு அடியிலிருந்து ஓடிவந்து அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். துணிக்காரி குனியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தத் தலைமேல் கையை வைத்தாள்.

உலகத்தில் யாரிடம் கேட்கக் கூடாதோ அவளிடமே கேட்க வேண்டியதாகிவிட்டது. முகக்காரியின் விரல்கள் துணிக்குள் மறுபடி அசைந்தன.

"இவளை இன்னிக்கு உன்கூடக் கூட்டிட்டுப் போ."

துணிக்காரி நிமிர்ந்தாள்.

"என்னை நம்பியா அனுப்புறீங்க, அக்கா?"

"என்னை நம்ப முடியல."

ஏன் என்று துணிக்காரி கேட்கவில்லை. கேட்டிருந்தால் இவளால் சொல்லியிருக்கவும் முடியாது. ஒற்றைக் கையால் குழந்தைக்குச் சட்டை மாற்றி, பித்தான் போட முடியாமல் தடுமாறியபோது, துணிக்காரியே குனிந்து மேல்பித்தான்வரை நிதானமாகப் போட்டுவிட்டாள். குழந்தை முத்தம் கொடுக்க முகத்தை நீட்டினாள். கிட்டப் போகப் பயந்து முகக்காரி தூரத்திலிருந்தே போயிட்டு வா என்று தலையாட்டினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். இருவரும் தெருவில் கைகோத்துப் போனார்கள். குழந்தை குதித்துக் குதித்துப் போனாள். துணிக்காரி திருப்பத்தில் ஒருமுறை நின்று, யாராவது வருகிறார்களா என்பதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தாள்.

கதவைத் தாழிட்டதும் முகக்காரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எப்படியோ, குழந்தை தப்பிவிட்டாள். துரோகிதான், ஆனாலும் குழந்தை என்றால் அவளுக்கும் உயிர். அந்த மட்டும் போதும்.

மழை பிடித்துக்கொண்டது. அழுது முடித்து, கைக்கட்டை அவிழ்த்து, பேலட் கத்தியை எடுத்துக்கொண்டு படத்தின் முன்னால் போய் நின்றாள். தன் முகத்தைத் தானே சுரண்டப்போகிறோம் என்று நினைத்தபோது ஒரு கசந்த சிரிப்புக்கூட வந்தது. போர்வையை உருவினாள். தலைகீழாக ஒரு முகம், இன்னொரு முகம். வெறும் வெளிச்சமும் நிழலும். எதைச் சுரண்டுவது என்று நிதானம் பிடிபடவில்லை.

வரைந்தவள் திருப்பக் கூடாது. வேறு யார் இருக்கிறார்கள்? இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, சுழற்றி, நேராக வைத்தாள்.

அவள் முகம் இல்லை.

கத்தியோடு திரும்பிப் பார்க்கும் அந்த முகம் அவளுடையது இல்லை. மேடேறிய கன்னம். தூக்கலான மேலுதடு. அழுது வீங்கிய கண்கள். போன வாரம் வரைந்த கண்கள். இன்றைக்கு அழுத கண்கள்.

துணிக்காரி.

அவள் கைக்குள் குழந்தை. இவளுடைய குழந்தை. நெற்றியின் சுழி, சின்ன மோவாய், இரண்டு கண்ணும் பெரிதாகத் திறந்து படத்துக்கு வெளியே, நேராக, அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தன.

போன் அடித்தது. கணவன்.

காலையிலேயே பேசி முடித்துவிட்டேன் என்றான். வக்கீலிடம் மாட்டிக்கொண்டதில் போனை அணைத்து வைத்திருந்தானாம். ரொம்ப அழுதாளாம். கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொல்லித்தானே இத்தனை நாள் வச்சிருந்தீங்க என்று காலைப் பிடித்தாளாம். உனக்காகத்தான், உனக்காகத்தான் அவளை உதறிட்டு வந்தேன் என்று இரண்டு முறை சொன்னான். அவள் கண் படத்திலேயே இருந்தது. அவன் மேலே பேசினான்.

"திடீர்னு அழுகையை நிறுத்திட்டா. கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா. குழந்தை வீட்லதான் இருக்காளான்னு."

போனை வைத்தாள். வைத்தாளா, விழுந்ததா. எடுத்தாள். துணிக்காரியின் எண்ணை அழுத்தினாள். மணி போயிற்று. காதில் போயிற்று. அறைக்குள்ளும் போயிற்று. துணிக்காரியின் மேஜையில், துடைத்துப்போட்ட துணிக்கு அடியில், அவளுடைய போன் வெளிச்சம் காட்டி அதிர்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பட்டறைச் சாவி. வேறொன்றும் இல்லை. துடைத்து வைத்த மேஜை.

ஓட வேண்டும். எந்தப் பக்கம்? துணிக்காரியின் அறைக்கா, ஆற்றுப்பக்கமா, பேருந்து நிலையமா. தாழ்ப்பாள்மேல் கை. மழை. தெருவில் ஆளில்லை.

ஒரே ஒரு தடவை படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

குழந்தையின் கண்களைத் திறந்துதான் வரைந்திருந்தாள். கருவிழியில் வெள்ளைப் புள்ளி வைத்தது நினைவிருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷால், இந்தக் கையாலேயே வைத்தாள். சற்று முன்னால்கூட அவை அவளைப் பார்த்தன.

இப்போது இமைகள் மூடியிருந்தன.